கட்டைவிரற் புணரியல்

“கீழ, முன்னால, குத்து. அவ்ளோதாம்லே.”

இந்த நூற்றாண்டு பிறந்த சூட்டோடு, சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம் இருந்த ஒரு வீடியோ கேம் கடையில் எனக்கு உபதேசிக்கப்பட்ட மூலமந்திரம் இது. உபதேசித்தவன் என்னைவிட ஒரு வகுப்பு மூத்தவன். தட்சிணை நான்கு கடலைமிட்டாய். மந்திரம் பலிக்கவில்லை. மூன்று வாரம் பலிக்கவில்லை. டெக்கன் மூன்றில் பால் என்றொருவன் உண்டு; தலைமுடியைத் தென்னங்கன்று மாதிரி செங்குத்தாக நிறுத்தியிருப்பான். அவனுடைய கைக்குத்து விழுந்தால் எதிராளி அந்தப் பக்கம் போய் விழுவான். அதே பால் என் கைக்கு வந்ததும், கொசு அடிக்கிற மாதிரி ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சும்மா நின்றான்.

அந்த மூன்று வாரத்தின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரை. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி ஒரே ஒரு கட்டைவிரல், இடக்கையுடையது. விரலுக்கு உரியவனே ஆய்வாளனாகவும் இருப்பதால் நடுநிலை பற்றி ஐயம் எழலாம். எழட்டும்.

முதலில் வரலாறு. சண்டை விளையாட்டில் ‘சிறப்பு அடி’ என்ற ஒன்றை உலகுக்குத் தந்தது 1987-இல் ஜப்பானின் காப்காம் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர். அதை வடிவமைத்தவர்களில் தலையானவர் தகாஷி நிஷியாமா. உள்ளங்கை இரண்டையும் சேர்த்து நெருப்புருண்டை எறிவது ஹதோக்கென். முட்டியை உயர்த்திக்கொண்டு எகிறுவது ஷோர்யூக்கென். அந்த முதல் விளையாட்டில் இவை இரகசிய வித்தைகள், ஆடுகிறவன் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியவை. 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டு வந்து இரகசியத்தை ஊருக்குச் சொல்லிவிட்டது. திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் நடந்ததாகச் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

பெயர்கள் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த விதம் தனி ஆய்வுக்குரியது. டிவி கேம் கேசட்டில் கேட்ட ஷோர்யூக்கென், எங்கள் தெருவில் ‘சோறு எங்கே’ ஆயிற்று. ஜப்பானிய மொழியில் ‘எழும் நாகத்தின் முட்டி’ என்பது அதன் பொருள். ஆனால் மதியம் ஒன்றரை மணிக்கு ஒருவன் கையை ஓங்கிக்கொண்டு குதித்து ‘சோறு எங்கே’ என்று கத்துவதில் இயற்கைக்கு மாறாக என்ன இருக்கிறது? நாகத்துக்கும் எங்கள் ஊருக்கும் உள்ள உறவைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். அகராதி ‘கட்டுப்பாட்டுக் கருவி’ என்னும். ஊர் ‘ரிமோட்டு’ என்னும். பிளேஸ்டேஷன் ரிமோட்டின் இடப்பக்கம் நான்கு அம்புகள்: மேல், கீழ், முன், பின். ஐந்தாவது அம்பு கிடையாது. ஆனால் பாலின் கைக்குத்துக்கும் ஹதோக்கெனுக்கும் வேண்டியது கீழ், கீழ்முன், முன், குத்து. நடுவிலே வருகிற அந்தக் ‘கீழ்முன்’ எந்தப் பட்டனிலும் எழுதப்படவில்லை. கீழிலிருந்து விரலை எடுக்காமல் முன்னுக்கு உருட்டும்போது, இரண்டும் சேர்ந்து அமுங்கியிருக்கும் ஒரு கணத்தில் மட்டும் அது பிறக்கிறது. விரலை எடுத்து எடுத்து வைத்தால் பிறக்காது. நான் எடுத்து எடுத்து வைத்தேன்.

இதை உலகம் எப்படியெல்லாமோ விளக்கிப் பார்த்திருக்கிறது. காற்சுற்று, அரைச்சுற்று என்று வடிவகணிதம் பேசுவார்கள். என் கருதுகோள் வேறு. இது வடிவகணிதமே இல்லை, புணர்ச்சி. வாழை என்ற சொல்லில் ‘ப்’ இல்லை. பழம் என்ற சொல்லில் முதலெழுத்து இருக்கிறதே தவிர, அந்த ஒற்று இல்லை. இரண்டும் புணரும்போது வாழைப்பழம் என்று நடுவில் ஒன்று தோன்றுகிறது. அதைத் தனியே எடுத்துக் காட்டச் சொன்னால் தமிழாசிரியரும் திணறுவார். பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடியாவதும் அப்படித்தான். ஆகவே ‘கீழ்முன்’ என்பது தோன்றல் விகாரம். நெருப்பு வரவில்லை என்றால் அது சந்திப்பிழை. எங்கள் பள்ளியில் சந்திப்பிழைக்கு அரை மதிப்பெண்தான் குறைப்பார்கள். கேம் கடையில் ஆட்டமே போய்விடும், அடுத்தவன் வந்து உட்கார்ந்துவிடுவான்.

புணர்ச்சி என்றால் மாத்திரை வந்தாக வேண்டும். கண்ணிமைப்பதும் கைநொடிப்பதும் மாத்திரையின் அளவு என்று தொல்காப்பியர் வகுத்தார். காப்காமும் டெக்கனின் நாம்கோவும் நொடியை அறுபது சட்டகமாக வெட்டின. ஒரு கண்ணிமைப்புக்குள் குறைந்தது ஆறு சட்டகம் போய்விடும். டெக்கனில் மிஷிமா குடும்பத்தார்க்கு உரிய ஒரு குத்து இருக்கிறது: முன்னே தட்டி, விரலை எடுத்து, கீழே போய், பிறகு கீழ்முன்னும் குத்தும் ஒரே சட்டகத்தில் விழவேண்டும். விழுந்தால் முட்டியில் நீல மின்னல் அடிக்கும். ஒரு சட்டகம் பிந்தினாலும் குத்து வரும், மின்னல் வராது. ‘விரலை எடுத்து’ என்பதைக் கவனிக்க. ஒன்றும் செய்யாமலிருப்பதும் இங்கே கட்டளையின் ஓர் உறுப்பு. ஆய்த எழுத்தை உச்சரிக்கத் தெரிந்தவனுக்கே இது கைகூடும் என்பது என் துணிபு. எனக்கு இன்றுவரை கூடவில்லை.

எந்திரத்தின் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு உங்கள் விரலின் அழகு தெரியாது. குறிப்பிட்ட நேரத்துக்குள் இன்ன திசைகள் இன்ன வரிசையில் வந்தனவா என்று மட்டுமே பார்க்கிறது. முன்னால் நடந்துகொண்டே ஹதோக்கென் போட்டால் என்னாகும்? முன், கீழ், கீழ்முன் என்று கணக்குப் பார்த்து அதை ஷோர்யூக்கென் என்று வாசித்துவிடும். நெருப்பை எறியப் போனவன் ‘சோறு எங்கே’ என்று ஆகாயத்தில் எகிறுவான். கீழே இறங்கும்போது எதிராளி காத்திருப்பான். ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று அரசியல்வாதிகள் மறுப்பறிக்கை விடும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

இன்னொரு தடை, பக்கம். எதிராளி உங்கள் தலைக்கு மேலே தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டால், முன் பின்னாகும், பின் முன்னாகும். கற்ற வித்தை முழுதும் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பிவிடும். இடப்பக்கம் நின்று சிங்கமாக இருந்தவர்கள் வலப்பக்கம் போனதும் பூனையானதை எங்கள் கடையில் தினமும் பார்க்கலாம். முதல் ரிமோட்டுக்கு நடந்த அடிதடி, திரைக்குள் நடந்ததைவிடக் கடுமையானது. கோயிலில் வலமாகவே சுற்றிப் பழகிய ஊர் என்பதால் இப்படி என்று ஒரு கருத்து எழக்கூடும். லாகூரிலிருந்து போய் 2019-இல் ஜப்பான், லாஸ் வேகாஸ் இரண்டு ஈவோ போட்டிகளிலும் டெக்கன் பட்டத்தைத் தட்டிவந்த அர்ஸ்லான் ஆஷ் எந்தப் பக்கமும் வெல்கிறார் என்பதைக் கொண்டு அதை மறுக்கலாம், நிறுவ முடியாது.

சுற்று என்றதும் ஸாங்கீஃப். ரஷ்ய மல்லன், எதிராளியைக் கட்டிப்பிடித்துத் தலைகீழாக இறக்குவான். அதற்கு விரலை முழுவட்டம் சுற்றவேண்டும். வட்டத்தில் ‘மேல்’ வருகிறதே, ‘மேல்’ என்றால் குதித்துவிடுவானே என்பது நியாயமான கேள்வி. தேர்ந்தவர்கள் முக்கால் சுற்றுச் சுற்றி, கால் தரையை விடுவதற்குள் பட்டனை அமுக்கிவிடுகிறார்கள். இது எங்கள் ஊரில் செல்லாது. ஆடித்தபசுக்கு நூற்றொரு சுற்று வேண்டிக்கொண்டவர்கள் நூற்றொன்றும் சுற்றியாக வேண்டும். முக்கால் கணக்கு அம்மனிடம் நடக்காது.

தபசு என்ற சொல் வந்துவிட்டதால் கட்டுரையின் மையத்துக்கு வந்துவிட்டேன். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகர்கள். ஒருவர் சிவனே பெரியவர் என்றார், இன்னொருவர் திருமாலே என்றார். எங்கள் கடையில் ரியூவா, கென்னா என்று நடந்ததும் இதே வழக்குதான். வழக்கு அம்பிகையிடம் போனது. கோமதி அம்மன் புன்னைவனத்தில் ஒற்றைக்காலில் நின்றாள், அசையாமல். ஆடி உத்திராடத்தில் சங்கரன் பாதி, நாராயணன் பாதியாகக் காட்சி கிடைத்தது. (முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ரியூவுக்கும் கென்னுக்கும் வித்தைகளில் துளி வேறுபாடு கிடையாது, முதல் ஆட்டக்காரன் ரியூ, இரண்டாமவன் கென். வழக்கு அப்போதே தீர்ந்துபோனது, நாங்கள்தான் படிக்கவில்லை.)

இதைச் சொல்வதற்குக் காரணம் கைல் என்கிற அமெரிக்கப் படைவீரன். அவனுடைய காற்றுவெட்டுக்கு வட்டமும் இல்லை, சுற்றும் இல்லை. ‘பின்’னை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு நொடியளவு நிற்கவேண்டும். அதன்பின் ‘முன்’, குத்து. ஆங்கிலேயர் இதற்கு மின்கலத்தில் மின்னேற்றுவதன் பெயரை வைத்திருக்கிறார்கள். பொருந்தாப் பெயர். காத்திருப்பின் அளவுக்குப் பலன் கிடைப்பதற்குச் சங்கரன்கோவிலில் வேறு பெயர் நெடுங்காலமாக இருக்கிறது. கைலை ஆடுகிறவன் அடி வாங்கினாலும் பின்னை விடமாட்டான். பார்க்கிறவனுக்குப் பயந்து பின்வாங்குகிறான் என்று தோன்றும். ஒரு நொடி போதாதவனுக்கு வரம் இல்லை. அரை நொடியில் அவசரப்பட்டு முன்னே தள்ளினால் வெறுங்குத்துதான். ஆகவே கைலின் வித்தைகளைத் ‘தபசு அடிகள்’ என்று வகைப்படுத்த முன்மொழிகிறேன்.

எந்த இலக்கணத்துக்கும் கட்டுப்படாத ஒரு கூட்டத்தையும் பதிவுசெய்தாக வேண்டும். டெக்கன் மூன்றில் எடி என்ற பிரேசில்காரன், கப்போய்ரா ஆடுகிறவன். அவனை எடுத்துக்கொண்டு கால் பட்டன் இரண்டையும் உள்ளங்கையால் மொத்தினால் போதும், கரகாட்டமும் சக்கரவாணமும் சேர்ந்ததுபோல் சுழன்று சுழன்று உதைப்பான். மூன்று வாரம் புணர்ச்சி விதி படித்தவனை, அன்றைக்குத்தான் ரிமோட்டைத் தொட்ட ஒருத்தன் எடியைக் கொண்டு உதைத்துத் தள்ளினான். இலக்கணப் புலவர்கள் சினிமாப் பாட்டைக் கேட்டு முகம் சுளிப்பது எதனால் என்று அன்றைக்குப் புரிந்தது.

எனக்கு வித்தை வந்த நாள் கொப்புளம் வந்த நாள். கட்டைவிரல் நுனி பழுத்து வலித்ததால் அழுத்தி எடுத்து வைக்க முடியவில்லை. வலியைத் தவிர்க்க விரலை லேசாக உருட்டினேன். பால் அடித்தான். எதிராளி போய் விழுந்தான். வீட்டில் அம்மா கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிவிட்டாள். நாகர்கள் குடியிருந்த புற்றின் மண், ‘எழும் நாகத்தின் முட்டி’ பயின்ற விரலுக்கு. பொருத்தத்தை அம்மா அறியமாட்டாள்.

2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டருக்குப் பதக்கமே கொடுத்தார்கள். தங்கம் வென்ற தென்கொரியர் கிம் குவான்-வூவுக்கு வயது 44. ஆகவே எனக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. அதே ஆண்டு வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆறில் ஒரு கேடும் சேர்ந்தே வந்தது. ‘மாடர்ன்’ என்றொரு முறை. ஒரே பட்டன், ஹதோக்கென். புணர்ச்சி இல்லை, மாத்திரை இல்லை, கொப்புளம் இல்லை. ஒரே ஆறுதல், அப்படி எறிகிற நெருப்புக்கு ஐந்தில் நான்கு பங்கு பலம்தான். சந்திப்பிழைக்கு உலகளவில் விதிக்கப்பட்ட ஒரே தண்டனை இதுவாக இருக்கக்கூடும்.

போன ஆடித்தபசுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகன் இந்த மாடர்னில்தான் ஆடிக்கொண்டிருந்தான். பதினோரு வயது. ரிமோட்டை வாங்கி, பழைய முறைக்கு மாற்றி, அவன் முன்னால் ஹதோக்கென் போட்டுக் காட்டினேன். ஐந்துக்கு நான்கு வந்தது. ஐந்தாவது எகிறிவிட்டது. அவன் வாய் பிளந்து பார்த்தான். “எப்படி மாமா?” என்றான். இருபது வருடமாக எழுதக் காத்திருந்த ஆய்வு முழுவதும் தொண்டை வரை வந்தது. சுருக்கமாகச் சொன்னேன்.

“கீழ, முன்னால, குத்து. அவ்ளோதாம்லே.”

அவன் அமுக்கினான். வரவில்லை. மறுபடியும் அமுக்கினான். வரவில்லை. பிறகு ஆட்டத்தை நிறுத்தி, அடிப்பட்டியலைத் திறந்து, கிட்டப் போய் உற்றுப் பார்த்தான்.

“மாமா, நீங்க ரெண்டுதான் சொல்லுதீங்க. இதுல மூணு அம்பு போட்டிருக்கு.”