அம்புக்கு மன்னிப்பு

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் ஊரில் சொல்வார்கள். அமெரிக்காவுக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 1971இல் பாதி நாடு அம்புக்காக அழுதது.

அம்பின் பெயர் லெப்டினன்ட் வில்லியம் கேலி. 1968 மார்ச் 16 காலையில் வியட்நாமின் மை லாய் கிராமத்துக்குள் அவருடைய ஆட்கள் நுழைந்தார்கள். எதிர்த்துச் சுட அங்கே ஒருவருமில்லை. வியட்நாம் கணக்கில் அன்று செத்தவர்கள் 504 பேர், அதில் குழந்தைகள் 173. ராணுவம் வெளியிட்ட கணக்கோ வேறு: எதிரிகள் 128 பேர் பலி, பிடிபட்ட துப்பாக்கிகள் மூன்று. நூற்றிருபத்தெட்டுப் பேரும் முறைவைத்துச் சுட்டார்கள் போலிருக்கிறது! பிணங்கள் கிடந்த வாய்க்காலுக்குப் பக்கத்து ஊரிலேயே சிப்பாய்கள் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டையும் முடித்தார்கள். அம்புக்குப் பசிக்கும் என்று இதற்குமுன் கேள்விப்பட்டதுண்டா?

விசாரணை வந்தது. சுட்டவன் கேலியைக் காட்டினான். கேலி தன் மேலதிகாரி கேப்டன் மெடினாவைக் காட்டினார். பொதுமக்களைக் கொல்லச் சொல்லவேயில்லை என்று மெடினா கையை விரித்தார், விடுதலையும் ஆனார். எல்லார் காதிலும் விழுந்த உத்தரவு எவர் வாயிலிருந்தும் வரவில்லை. மேலிடத்து உத்தரவு என்ற சாக்கு செல்லாது என்று நியூரம்பர்க் விசாரணையில் ஜெர்மானியர்களுக்குப் பாடம் எடுத்த தேசம் இது. பாடம் அடுத்தவன் பிள்ளைக்குத்தானே.

மாட்டியது கேலி மட்டும். 22 கொலைக்கு ஆயுள் தண்டனை. குற்றவாளி என்ற தீர்ப்பு வந்த மூன்றாம் நாளே அவரைச் சிறையிலிருந்து எடுத்து வீட்டுக்காவலில் வைக்கச் சொன்னார் அதிபர் நிக்சன். கேலிக்கு ஆதரவாகப் பகலிலும் கார் விளக்கை எரியவிட்டு ஓட்டுங்கள் என்றார் ஜார்ஜியா ஆளுநர் ஜிம்மி கார்ட்டர். ஆமாம், பிற்பாடு மனித உரிமைக்குப் பேர்போன அதே கார்ட்டர்தான். கேலியைப் போற்றிய பாட்டுத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. மூன்றரை வருட வீட்டுக்காவலோடு கணக்கு முடிந்தது. செத்த 504 பேருக்கும் பங்கிட்டால் தலைக்கு இரண்டரை நாள். ரேஷன் கடையில்கூட இதைவிடத் தாராளமாக அளப்பார்கள்.

உத்தரவை மீறினால் உயிர் போய்விடுமே, பாவம், என்கிறார்கள். அதே படையில் சுட மறுத்தவர்கள் இருந்தார்கள். எவரையும் தூக்கில் போடவில்லை. ஹெலிகாப்டர் ஓட்டி ஹியூ தாம்ப்சன், ஊராருக்கும் சிப்பாய்களுக்கும் நடுவே கொண்டுபோய் ஹெலிகாப்டரை இறக்கினார். நம்மவர்கள் இவர்களைச் சுட்டால் நம்மவர்களைச் சுடு என்று தன் ஆளிடம் சொன்னார். வாய்க்காலில் பிணங்களுக்கிடையே உயிரோடு கிடந்த ஒரு குழந்தையை அவருடைய குழு தூக்கி வந்தது. தண்டிக்க வேண்டியது இந்தத் தாம்ப்சனைத்தான் என்று குதித்தார் ஒரு நாடாளுமன்றப் பெரியவர். உயிர்களைக் காத்ததற்கான பதக்கம் வந்து சேர 1998 ஆயிற்று. கொன்றவனுக்கு இரக்கம் மூன்று நாளில், காத்தவனுக்கு மரியாதை முப்பது வருடத்தில்.

2009இல் கேலி மன்னிப்புக் கேட்டார், கொலம்பஸ் நகரத்தில் ஒரு சங்கக் கூட்டத்தில். உத்தரவைத்தான் நிறைவேற்றினேன் என்பதையும் கூடவே சொன்னார். அந்த மன்னிப்பைக் காதில் வாங்கிக்கொண்டவர்கள் சங்கத்து உறுப்பினர்கள்.