செட்டைக் கழட்டுங்க, பார்த்துடலாம்

பானெட் திறக்கிற சத்தம் எங்கள் அபார்ட்மென்ட் அங்கிளுக்கு எந்த மாடியில் இருந்தாலும் கேட்டுவிடும். அடுப்பில் குக்கர் ஏழாவது விசில் அடிப்பது கேட்காது, அது வேறு விஷயம். சாவியைத் திருப்பி, செல்ஃப் எடுக்காமல் வண்டி 'டிக் டிக்' என்று முனகினால் போதும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு லிஃப்டிலிருந்து வெளிப்படுவார். "என்ன தம்பி, பேட்டரி டவுனா?" குரலில் துக்கம் இருக்கும். முகத்தில் இருக்காது.

பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவராக இருக்கலாம், தமிழாசிரியராக இருந்திருக்கலாம், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதித்தவராகக்கூட இருக்கலாம். எலெக்ட்ரீஷியனாக மட்டும் இருந்திருக்க மாட்டார்.

பேட்டரி இறங்கிய வண்டியில் முதலில் பேட்டரியைப் பார்ப்பதுதான் முறை. டெர்மினலில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா, கிளாம்ப் ஆடுகிறதா, ராத்திரி உள் லைட்டை அணைக்காமல் விட்டோமா, பேட்டரி வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு. இவர் எடுத்ததும் பானெட் பக்கம் வர மாட்டார். நேராக முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து டாஷ்போர்டைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "முதல்ல இந்தப் பாட்டு செட்டைக் கழட்டுங்க, பார்த்துடலாம்."

ஹாரன் அடிக்கவில்லையா? செட்டைக் கழட்டுங்க. வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டதா? செட்டைக் கழட்டுங்க. இரண்டாம் மாடிக்காரர் வண்டி பஞ்சராகி நின்றபோது, எல்லோரும் டயரைப் பார்க்க, இவர் பார்வை மட்டும் கண்ணாடி வழியாக டாஷ்போர்டுக்குப் போய்விட்டு வந்ததை நான் கவனித்தேன்.

கழற்றுவதற்குக் கருவி என்று எதையும் கொண்டுவர மாட்டார். நம் வீட்டு ஸ்பூன்தான். செட்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை வாழைப்பூ ஆய்கிற பொறுமையோடு நெம்புவார். 'படக்' என்று ஒரு லாக் உடையும். "அது சும்மா டம்மி லாக் தம்பி." ஜி.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கி மாட்டிய செட், வயர்க் கொத்தோடு மடியில் வந்து விழும். அப்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும் பாருங்கள், அதைக் கெடுக்க மனசு வராது.

அடுத்ததுதான் விபரீதம். வெளியே வாங்கி மாட்டுகிற செட்களில் பொதுவாக மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து நேரே வருவது; கடிகாரத்தையும் நாம் பிடித்து வைத்த ஸ்டேஷன்களையும் அதுதான் ஞாபகம் வைத்திருக்கும். சிவப்பு வயர் சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் வருவது. கறுப்பு எர்த். மஞ்சளும் சிவப்பும் பிரிந்தே இருந்தால்தான் சாவியை எடுத்ததும் செட் தூங்கும். இவர் இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிடுவார். கேட்டால், "சாவி இல்லாமலே பாட்டு கேக்கலாம்ல? மஞ்சளும் சிவப்பும் மங்களகரமான கலர் தம்பி, சேர்ந்தே இருக்கட்டும்."

சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர். ஒழுங்கான வண்டி நிறுத்தி வைத்த நிலையில் 50 மில்லி ஆம்பியருக்குள்தான் இழுக்கும். இரண்டு வாரம் கழித்து வந்தாலும் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். தூங்க விடாத செட்டும் அதோடு இணைத்த ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்து அரை ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-ஹவர் காலி. மூன்றாம் நாள் காலையில் வண்டி முனகும். லிஃப்ட் திறக்கும். "அன்னைக்கே சொன்னேன், கோளாறு செட்டுலதான்னு!" மறுத்துப் பேச வழியில்லை. இப்போது கோளாறு செட்டில்தான்.

அவருடைய டெஸ்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வீட்டு ப்ளக்கில் செருகிப் பார்க்கிற அதே டெஸ்டர். 230 வோல்ட்டுக்குச் செய்த அதன் நியான் பல்பு கார் பேட்டரியின் 12 வோல்ட்டுக்கு எந்த ஜென்மத்திலும் எரியாது. அதை ஒவ்வொரு வயராக வைத்துப் பார்த்து, "கரண்டே வரல தம்பி" என்பார்.

சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. ஓய்விலிருக்கும் பேட்டரி 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது 14 பக்கம் நின்றால் ஆல்டர்னேட்டர் நன்றாயிருக்கிறது. கசிவைப் பிடிக்க வேண்டுமா, மைனஸ் வயரைக் கழற்றி இடையில் மீட்டரை வைத்து, கதவுகளைச் சாத்தி, வண்டி முழுசாகத் தூங்க அரை மணி காத்திருந்து, ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால், எதைப் பிடுங்கும்போது மீட்டர் இறங்குகிறதோ அங்கேதான் திருடன். ஒரு தடவை மீட்டரை அவர் கையில் கொடுத்துப் பார்த்தோம். "நம்பரெல்லாம் ஏமாத்தும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நம்பர் வந்துவிட்டால் பேச்சு முடிந்துவிடுமே.

இதுவரை சிரித்துவிடலாம். ஆனால் ஒன்றை மட்டும் சிரித்துக்கொண்டே சொல்ல முடியவில்லை. வண்டி எப்படியோ ஸ்டார்ட் ஆனதும், இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, "வண்டி நிக்கலைன்னா டைனமோ நல்லாருக்குன்னு அர்த்தம்" என்று சோதனை செய்வார். பழைய அம்பாசடர் காலத்துப் பழக்கம். இன்றைய வண்டிகளில் பேட்டரி விலகிய அந்த நொடியில் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் எகிறும். ஈ.சி.யு. என்கிற வண்டியின் மூளை போனால் போனதுதான், செலவு ஆயிரக்கணக்கில். இதை அவரிடம் சொல்லியாயிற்று, அசோசியேஷன் கூட்டத்தில் சொல்லியாயிற்று, அவர் மனைவியிடமும் சொல்லியாயிற்று. கேட்பதில்லை. சர்வீஸ் பில் வருகிற அன்றைக்கு மட்டும் அவர் கோயிலுக்குப் போயிருப்பார்.

இருந்தாலும், விடிகாலை ஃப்ளைட்டுக்கு மழையில் கிளம்பும்போது வண்டி எடுக்காவிட்டால் வருவது யார்? மெக்கானிக் போனை எடுக்க மாட்டார். இவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஜம்பர் கேபிளோடு நிற்பார். அந்த வேலையில் மட்டும் குறையே சொல்ல முடியாது. சிவப்பு சிவப்புக்கு, கறுப்பின் கடைசி முனை பேட்டரியில் இல்லாமல் இன்ஜினின் வெற்று இரும்பில். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் தீப்பொறி ஆகாது என்று பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்வார். பெட்டியையும் அவரே தூக்கி வைப்பார். வண்டி கேட்டைத் தாண்டும்வரை நின்றுவிட்டுத்தான் மேலே போவார்.

போன மாதம் மாடிப் பையன் ஒருவன் புதுக் கார் வாங்கினான். டாஷ்போர்டு முழுக்க ஒரே கண்ணாடித் திரை. ஏசி, பாட்டு, மேப் எல்லாம் அதற்குள்ளேயே. இவர் உள்ளே உட்கார்ந்து ஓரமெல்லாம் நகத்தால் தடவிப் பார்த்தார். ஸ்பூன் போக இடமில்லை.

"இதுல செட்டை எப்படித் தம்பி கழட்டறது?"

"கழட்ட முடியாது அங்கிள், எல்லாம் சேர்ந்து ஒரே யூனிட். கை வச்சா வாரண்டி போயிடும்."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வாரண்டி எப்ப தம்பி முடியுது?"