பைஜாமாவில் ஒரு பரிகாரம்

கலிஃபோர்னியாவில் 950 டாலருக்குள் கடையில் சுருட்டினால் பெரும்பாலும் சிறு குற்றம்தான். நீதிபதி மனமிரங்கினால் சிறைக்குப் பதில் சமூக சேவை. முன்பெல்லாம் அதற்கு ஆரஞ்சு மேலுடுப்பு, குப்பை பொறுக்கும் குச்சி, நெடுஞ்சாலை ஓர வெயில்.

இப்போது இணையதளம் போதும். பணம் கட்டு, பாடத்தைத் திற, மூலையில் கடிகாரம் ஓடும். ‘கோபத்தை அடக்குவது எப்படி’ என்ற பக்கத்தை விரித்துவைத்துவிட்டு அடுப்பில் முட்டையைப் புரட்டலாம். மணிக்கணக்கு நிரம்பியதும் சான்றிதழ். இதில் சமூகம் எங்கே என்று கேட்காதீர்கள். சேவை இருக்கிறது, கட்டணத்துக்கு முன்னால்.

எல்லா நீதிமன்றமும் இந்தக் காகிதத்தை ஏற்பதில்லை. ஏற்காவிட்டால் காசும் போய், மறுபடி குச்சி.

2002இல் கடைத் திருட்டு வழக்கில் நடிகை வினோனா ரைடருக்கு 480 மணி நேரம் விதித்தார்கள். பாவம், அவசரப்பட்டுவிட்டார்.

நம் ஊரிலும் 2024 ஜூலை முதல், 5,000 ரூபாய்க்குக் குறைவான முதல் திருட்டுக்கு, பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. செய்கிறவருக்குக் கூலி கிடையாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. செய்கிறவரே கூலி கொடுக்கலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.