நினைவகம் பத்தாத படலம்

கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி 1984-இல் கதவு திறப்பதற்கு வெகுகாலம் முன்பே, "மெமரி பத்தலை" என்ற ஒப்பாரி பாரத தேசத்தில் ஆரம்பித்துவிட்டது. 1960-இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் டிஃப்ராக் என்ற கணினி அவதரித்தது. அதன் நினைவகத்தில் தலா 40 பிட் நீளமுள்ள 2,048 சொற்கள். கணக்குப் பார்த்தால் 10 கிலோபைட். வாட்ஸ்அப்பில் காலையில் வரும் குட்மார்னிங் ரோஜாப்பூகூட அதற்குள் உட்காராது. விஞ்ஞானிகள் அதில்தான் குடித்தனம் நடத்தினார்கள்.

1969 ஜூலை 20. நிலாவில் இறங்கப் போகிற நேரம் பார்த்து, அப்பல்லோ 11-இன் கணினி '1202' என்று கூப்பாடு போட்டது. புது வேலையை வைக்க இடமில்லை என்று அர்த்தம். அங்கே ராம் வாங்கக் கடையா இருக்கிறது? அதுவே அவசரமில்லாத வேலைகளைக் கழற்றிவிட்டு, இறங்குகிற வேலையை மட்டும் பிடித்துக்கொண்டது. தப்பித்தார்கள்.

அடுத்து டர்போ சி யுகம். நூற்றுக்கு நூறு மேட்ரிக்ஸை டபுளில் அறிவித்தால் 80,000 பைட். ஒரு அரேக்கு அனுமதி 64 கிலோபைட். 'அரே சைஸ் டூ லார்ஜ்' என்று கம்பைலர் முறைக்கும். நம் பிள்ளைகள் அசரவில்லை. நூறைப் பத்தாக்கி, அவுட்புட் எடுத்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள்.

இப்போது ஆராய்ச்சி மாணவர் 50,000-க்கு 50,000 மேட்ரிக்ஸோடு வருகிறார். எண்ணுக்கு 8 பைட் வீதம் 20 ஜிபி. லேப்டாப்பில் இருப்பதோ 16. ஆண்டாள் தேரை ஆட்டோ ஸ்டாண்டில் நிறுத்தப் பார்க்கிறார். அந்த மேட்ரிக்ஸை இரண்டால் பெருக்கிப் புதுப் பெயரில் வைத்தால் இன்னொரு 20 ஜிபி.

"சார், ராம் வாங்கணும்."

"மூணு கொட்டேஷன் கொண்டாப்பா."

கொட்டேஷன் வருவதற்குள் வேறு மூன்று காரியம் பார்க்கலாம். ஏழு தசம இலக்கம் போதுமென்றால் ஃப்ளோட்64-ஐ ஃப்ளோட்32 ஆக்குங்கள். 20 ஜிபி பத்தாகும். கோப்பை மொத்தமாக விழுங்காமல், ஆயிரம் ஆயிரம் வரியாகப் படித்துக் கணக்கை முடித்து விடையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த மாறிகளை அழியுங்கள்.

இவ்வளவும் செய்து பத்தவில்லை என்றால், ராம் வாங்குங்கள். அதுவரை பர்ச்சேஸ் கமிட்டியைத் தொந்தரவு செய்யாதீர்கள்.