பாதி விழுந்த முத்திரை

கேள்வி: பாட்டியின் பெட்டியிலிருந்த பொற்பணத்தில் உருவம் பாதிதான் விழுந்திருக்கிறது. அச்சுப்பிழையுள்ள அபூர்வ நாணயம் என்கிறார் குரோம்பேட்டை நண்பர். நான் லட்சாதிபதிதானே? (ஒரு வாசகர், தாம்பரம்)

பதில்: அரைக் கிராமும் தேறாத பொன் துணுக்கின்மீது, அதனினும் அகன்ற அச்சை வைத்துச் சம்மட்டியால் அடித்த விஜயநகர காலத்துக் கம்மியர் கையில், உருவம் ஒருபுறம் ஒதுங்கி விழுவது சர்வசாதாரணமாகையால், தங்கள் பணத்தில் இருப்பது வழுவன்று, வழக்கம். யந்திரத்தில், வளையத்துக்குள் இருத்தி அச்சிட்ட காசின் சங்கதி வேறு: 1918-இல் பம்பாயில் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் வெளியான சவரன்களில் ஒன்று, 7.98 கிராம் எடை குன்றாமலும், பிற்பாடு எவரும் சுத்தியலால் தட்டிய வடு இல்லாமலும், முத்திரை விலகி நிற்குமாயின், அது பரிசோதகர் கண்ணுக்குத் தப்பிவந்த மெய்யான அதிசயம். சேகரிப்போர் தேடியலைவது அதைத்தான். ஆயினும் பாட்டியின் பணத்தைத் தயைகூர்ந்து மெருகேற்றவோ உருக்கவோ வேண்டாம். தாம்பரத்தில் மின்ரயிலேறி எழும்பூரில் இறங்கி, அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதியைப் பாருங்கள். பாட்டியின் பணத்துக்கு அங்கே உறவினர் உண்டு. விற்க நேர்ந்தாலும் உள்நாட்டிலேயே விற்கவேண்டும். நூறாண்டு கடந்த காசைத் தனியார் கடல்கடத்த 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடந்தருவதில்லை.