பவர் உள்ள பாட்டுக்காரர்கள்

பிரிட்டனில் 1948இல் தேசியச் சுகாதார சேவை தொடங்கியபோது, வசதியில்லாதவர்களுக்கும் மூக்குக் கண்ணாடி கிடைத்தது. அந்த அரசாங்கக் கண்ணாடியோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் பட்ட கேலி கொஞ்சநஞ்சமல்ல. ஜான் லெனனுக்குச் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. ஆனாலும் பீட்டில்ஸ் மேடையில் கண்ணாடி போடமாட்டார். எதிரே அலறும் ரசிகைகள் அவருக்கு வெறும் மங்கல் (ஒருவகையில் பாக்கியம்தான்). 1966இல் ஒரு படத்தில் சிப்பாய் வேடத்துக்காக அந்த அரசாங்கக் கண்ணாடி மாதிரியே ஒரு வட்டக் கண்ணாடியை மாட்டினார். அது முகத்தோடு ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான், தர்மக் கண்ணாடிக்கு ஞானிக் களை வந்துவிட்டது! கண்ணில் ஒரு குறையும் இல்லாதவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். லெனன் காரில் விட்டுப்போன வட்டக் குளிர்கண்ணாடி ஒன்று 2019இல் லண்டன் சோதபீஸ் ஏலத்தில் 1,37,500 பவுண்டுக்குப் போனது.

இன்னொரு பாடகர் ராய் ஆர்பிசன், தன் கண்ணாடியை விமானத்தில் மறந்துவிட்டு, வேறு வழியின்றி பவர் வைத்த கறுப்புக் கண்ணாடியோடு மேடையேறினார். மர்ம மனிதர் என்று பேர் வாங்கினார். ஞாபகமறதிக்கு இத்தனை மரியாதை வேறெங்கே கிடைக்கும்?

எல்டன் ஜான் இன்னும் ஒரு படி மேலே. பாடகர் பட்டி ஹாலியின் தடித்த ஃபிரேமில் மயங்கி, தேவையே இல்லாமல் கண்ணாடி போட ஆரம்பித்து, அதனாலேயே பார்வை கெட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். கண் டாக்டர்கள் ஒப்புவார்களோ என்னவோ. கண் கெட்ட பிறகு மற்றவர்களுக்குச் சூரிய நமஸ்காரம். அவருக்கோ தன் பெயரே விளக்காக எரியும் கண்ணாடி.