ஈரமுள்ளவர்கள்

எங்கள் முடிச்சூர்க்காரர்களை வாயாரப் புகழ வேண்டும். நானும் அவர்களில் ஒருவன்.

2015 டிசம்பர் 1 முதல் மறுநாள் காலைக்குள் சென்னையை ஒட்டிய தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பக்கத்திலுள்ள முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாறு வீட்டுக்குள் புகுந்தது. அன்றைக்கு மாடி வீட்டுக் கதவுகள் திறந்தே கிடந்தன. கீழ்வீட்டுப் பாட்டிகளை நாற்காலியோடு தூக்கி ஏற்றினோம். ஒரே சிலிண்டரில் பத்து வீட்டுக்குச் சோறு வெந்தது. கடலோரத்து மீனவர்கள் லாரியில் படகேற்றி வந்தார்கள். கோயில் மண்டபம், தேவாலயம், பள்ளிவாசல் எல்லாம் பாய் விரித்தன. உள்ளே வந்தவரை என்ன சாதி, என்ன மதம் என்று கேட்கவில்லை. இதில் ஒரு சொல்லும் மிகையில்லை. நினைத்தால் இன்றும் கண் கலங்குகிறது.

எங்கள் நம்பும் குணத்தையும் சொல்ல வேண்டும். அந்த வெள்ளத்துக்கு ஊரே செம்பரம்பாக்கம் ஏரியைத் திட்டியது. அந்த ஏரித் தண்ணீர் திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேர்கிறது, எங்களைத் தாண்டி. எங்கள் வீட்டுக்குள் வந்தது மேலே ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். அது எந்த வழியாகப் போகும் என்று மனை வாங்கும்போது கேட்கவில்லை. மனை விற்றவரை நம்பினோம், பத்திரத்தை நம்பினோம், பக்கத்து மனைக்காரரும் வாங்கியிருக்கிறாரே என்று நம்பினோம்.

அதிகாரிகளின் அக்கறையும் குறைவில்லை. பருவமழைக்கு முன்பே படகு தயார், முகாம் தயார். நாங்களும் அவர்களைச் சிரமப்படுத்துவதில்லை. வாய்க்கால் எங்கே அடைபட்டது என்று கேட்க நூறு பேர் திரண்டதை நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் கட்ட ஒரே இரவில் திரண்டதைப் பார்த்திருக்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மறுபடி தண்ணீர், மறுபடி படகு, மறுபடி அதே நல்ல மனிதர்கள்.

உழைப்பாளிகளும்கூட. கடன் வாங்கி, வீட்டை ஜாக்கி வைத்து மூன்றடி தூக்கினோம். கையில் பணமில்லாதவர் வாசலில் தடுப்புச்சுவர் எழுப்பினார். தூக்கிய வீட்டின் அடியில் மண் கொட்டி மெத்தினோம். அங்கே நின்ற தண்ணீருக்குப் போக இடம் வேண்டுமே, அது பக்கத்து வீட்டுக்குப் போனது.

எங்கள் தெருவில் உயர்த்தாத வீடு இன்னும் ஒன்று இருக்கிறது. ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் கணவன் மனைவி. 2015இல் நாங்கள் தோளில் சுமந்து மொட்டைமாடி ஏற்றியவர்கள். அன்று அவர்கள் வாசற்படியும் எங்கள் வாசற்படியும் ஒரே மட்டம். இன்று இருபுறமும் நாங்கள் மேலே, நடுவில் அவர்கள் வீடு தொட்டி மாதிரி. மழை வலுத்தால் முதல் போன் எங்களிடமிருந்துதான் போகிறது:

"சார், அம்மாவக் கூட்டிக்கிட்டு மேல வந்துடுங்க. சாப்பாடு ரெடியா இருக்கு."